அடுக்களைக் கேமரா

கேமரா மாட்ட வந்தவர் புதுக்கடை என்ற ஊர்க்காரர். இரணியல் பக்கம் எங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கிற வீடுகளுக்கெல்லாம் அவர்தான் மாட்டியிருந்தார். ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "கேட்டுக்கு ஒண்ணு, பொறத்தால ஒண்ணு, கெணத்தடிக்கு ஒண்ணு. மூணு போதும் சார்" என்றார். எங்களுக்கு ஒன்று போதும், அதுவும் அடுக்களைக்குள் என்று நான் சொன்னதும் ஏணியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"அடுக்களையிலயா? கள்ளன் அங்க வந்து என்ன செய்யப் போறான், தோச சுட்டுத் திம்பானா?"

"கேஸ் அடுப்பு தெரியணும். திருகு ரெண்டும் தெரியணும். கீழ சிலிண்டருக்க தலையும்."

"எல்லாவனும் கேட்டுக்குக் காவலு போடுவான். நீங்க அடுப்புக்குப் போடுதிய."

உள்ளேயிருந்து என் மனைவி, "அவரு சிரிக்கட்டும். ரெகுலேட்டரு தெளிவாத் தெரியணும்னு மட்டும் சொல்லுங்க" என்றாள்.

அவர் சிரித்தாலும் வேலையை ஒழுங்காகவே செய்தார். மிக்சிக்கு மேலே, அலமாரியின் ஓரத்தில், உள்ளங்கைக்குள் அடங்கும் வெள்ளை உருண்டை ஒன்று வந்து உட்கார்ந்தது. மனைவியின் கைபேசியில் எங்கள் அடுப்பு தெரிந்தது. படத்தின் மேல் மூலையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த ஏற்பாட்டின் காரணம் எங்கள் மகள். அவள் பஹ்ரைனில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். முதல் பிரசவம் வழக்கப்படி எங்கள் வீட்டில் நடந்தது. இரண்டாவதற்கு அவளால் ஊருக்கு வர முடியாது. மூத்தவன் அங்கே பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தான். லீவும் இல்லை. ஆகவே அம்மா அங்கே போய் மூன்று மாதம் இருப்பது, நான் இங்கே வீட்டைப் பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. டிக்கெட்டும் போட்டாயிற்று. மனைவி போவாளா என்பதுதான் கேள்வி. போக மனமில்லாமல் அல்ல. அடுப்பை விட்டு அவளால் போக முடியுமா என்பது எனக்கும் அவளுக்கும் மட்டுமே தெரிந்த கேள்வியாக இருந்தது.

அவளுக்கு ஒரு சந்தேகம் உண்டு. கேஸை அடைத்தோமா என்பது. எல்லோருக்கும் வருகிற சந்தேகம்தான். ஆனால் மற்றவர்களுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தால் தீர்ந்துவிடுகிறது. அவளுக்குப் பார்த்த பிறகுதான் அது வளரும். நான் பல வருடம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். திருகைத் திருப்புவாள். அது நின்ற பிறகும் ஒரு முறை அழுத்துவாள். குனிந்து ரெகுலேட்டரை அடைப்பாள். கதவுவரை வருவாள். அடைத்துவிட்டுக் கையை எடுக்கும்போது விரலோ சேலைத் தலைப்போ தட்டித் திறந்துவிட்டிருக்குமோ என்று மறுபடி போவாள். சரிபார்க்கிற கையே தப்புச் செய்துவிடக்கூடும் என்பது அவளுடைய தர்க்கம். அதில் ஓட்டை எதையும் என்னால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

அந்தச் சந்தேகத்துக்குள் நிற்பதை அவள் வெப்ராளம் என்பாள். எங்கள் ஊரில் பஸ்ஸைத் தவறவிடப் போகிறவனுக்கும் கல்யாண வீட்டில் சோறு தீர்ந்துபோன சமையல்காரருக்கும் வருகிற பரபரப்புக்கு அந்தப் பெயர். அவளுக்கு அது ஒவ்வொரு நாளும் வந்தது.

எனக்கு அது புரியாத நோயாக இருக்கவில்லை. நாகர்கோவிலில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அச்சுக்குப் போகும் முன் பக்கத்தைக் கடைசியாகப் பார்ப்பது என் வேலை. செத்தவர் பெயரும் புகார் கொடுத்தவர் பெயரும் இடம் மாறிவிட்டால் மறுநாள் காலை என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டு அனுப்பிய பக்கத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே ஒரு கெடு இருந்தது. குறித்த நேரத்தில் இயந்திரம் ஓடும், வண்டி கிளம்பும், அதற்குப் பிறகு சந்தேகப்பட்டும் பலனில்லை. என் சந்தேகத்தை என் மனம் கட்டுப்படுத்தவில்லை. அந்த வண்டிதான் கட்டுப்படுத்தியது. அதற்குச் சம்பளமும் தந்தார்கள், கவனமானவர் என்ற பெயரும் தந்தார்கள். அடுக்களைக்கு அப்படி ஒரு வண்டி வருவதில்லை.

ஒரு மாசிக் கொடைக்கு நாங்கள் மண்டைக்காட்டு அம்மன் கோவிலுக்குப் பஸ் ஏறினோம். தலைவலி முதலான தலை சம்பந்தப்பட்ட நோய்களுக்கு அங்கே மண்டையப்பம் என்னும் பலகாரத்தை நேர்ந்துகொள்வது வழக்கம். மனைவிக்குத் தலைவலி கிடையாது. "வலி இல்லேன்னா என்ன, தலைக்குள்ள உள்ளதுதானே" என்று நேர்ந்திருந்தாள். பாதி வழியில் இறங்கிவிட்டாள். நான் பஸ்ஸை நிறுத்தச் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. ஒரு நிறுத்தத்தில் யாரோ இறங்கினார்கள், அவர்கள் பின்னால் இவளும் இறங்கினாள். அடுப்பு அடைத்துத்தான் இருந்தது. நேர்ச்சையைக் கொண்டுபோனது அடுத்த வீட்டு டீச்சர். அவர் சி.எஸ்.ஐ. சபைக்காரர். மண்டைக்காட்டில் தங்கை வீடு இருந்ததால் அந்த வழியாகப் போகிறவர்.

"உனக்க நேர்ச்சைய நான் கொண்டு போறேன். எனக்க பாஸ்டர் கேட்டா உனக்க பேரச் சொல்லுவேன்" என்று டீச்சர் சிரித்தார். எங்கள் வீட்டு இன்னொரு சாவி அவரிடம்தான் இருந்தது. நாங்கள் வெளியே போன நாட்களில் மனைவி கூப்பிடுவாள். அவர் போய்ப் பார்த்துவிட்டு, "அடச்சிருக்கு பிள்ளே" என்பார். பல வருடம் பார்த்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போனை எடுக்காமலானார். பிறகு மற்ற நாட்களிலும். நான் அவரைக் குறை சொல்லவில்லை.

மகளுக்கு இவ்வளவும் தெரியாது. அம்மாவுக்குக் கொஞ்சம் மறதி, கொஞ்சம் பயம் என்றுதான் அவள் எண்ணம். கேமரா அவளுடைய யோசனை. பஹ்ரைனிலிருந்து பார்த்துக்கொள்ளலாம், அப்பா டீ போட்டுவிட்டு அடைத்தாரா என்று அங்கிருந்தே தெரிந்துகொள்ளலாம் என்றாள். மனைவிக்கு அது பிடித்துப்போயிற்று. "நீங்க பால அடுப்புல வச்சிட்டுப் பேப்பரு பாக்கப் போயிருவிய. எனக்கு அங்க இருந்தா ஒறக்கம் வருமா?" என்றாள். ஆக, அந்தக் கண் எனக்காகவும் வைக்கப்பட்டதுதான்.

எங்கள் தெருவில் இது புதிது அல்ல. மூன்றில் ஒரு வீட்டில் ஆள் இல்லை, கேமரா இருக்கிறது. காலையில் நடக்கப் போகும்போது ஒரு கேட்டிலிருந்து மஸ்கட்டில் இருக்கிறவரின் குரல் கேட்கும். "ஏலே, யாரு அது? செம்பருத்தியப் பறிக்கியா?" பூப் பறிக்கிற கிழவர் நிமிராமல், "சாமிக்குலே. நீ அங்க சோலியப் பாரு" என்பார். சில நாள் அவர்கள் பேச்சு நீளும். மழை பெய்ததா, கேபிள்காரன் வந்தானா என்றெல்லாம் மஸ்கட்காரர் கேட்பார். ஆளில்லாத வீட்டோடு நின்று ஒருவர் ஊர்ச் செய்தி பேசுவதை நான் கடந்து போவேன்.

கேமரா வந்த முதல் சில நாட்கள் நன்றாகப் போயின. மனைவி நாகர்கோவிலுக்கு என்னோடு வந்தாள். பஸ்ஸில் கைபேசியைத் திறந்து அடுப்பைப் பார்த்தாள், மூடினாள், ஜன்னல் வழியே வயலைப் பார்த்தாள். துணிக்கடையில் குழந்தைக்குச் சட்டை எடுத்தாள். ஒன்றை எடுத்து நிறம் பிடிக்காமல் வேறொன்று கேட்டு விற்பவனோடு வாக்குவாதம்கூடச் செய்தாள். நான் அதை ஒரு நல்ல அறிகுறியாகக் குறித்துக்கொண்டேன்.

பிறகு அவள் படத்தின் மூலையில் ஓடும் நேரத்தைப் பார்க்கத் தொடங்கினாள். நொடி நகர்கிறதா என்று. நகராவிட்டால் அது பழைய படம். பழைய படத்தில் அடைத்திருக்கிற அடுப்பு இப்போது எப்படி இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு காற்று அடித்தால் இணையம் போகும். படம் உறைந்து நடுவில் வட்டம் ஒன்று சுழலும். அந்த வட்டத்தைப் பார்த்தபடியே ஒரு நாள் தக்கலை பஸ் நிலையத்தில் உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் ஏற வேண்டிய பஸ் வந்து, நின்று, போயிற்று.

"பாத்தாச்சுல்லா, அடச்சாச்சுல்லா" என்றேன்.

"பாத்தது அப்பம். இப்பம் யாரு பாத்தா?"

முன்பு வீட்டை விட்டுக் கிளம்பும்போது மட்டும் வந்த சந்தேகம், இப்போது அவள் சேலை மடிப்பில் செருகிய கைபேசியில் எந்நேரமும் கூடவே வந்தது. காய் வாங்கும்போது, கோவிலில், டீச்சர் வீட்டு மாடியில் என்று எங்கும் திறந்து பார்த்தாள். பூட்டிய வீட்டுக்குத் திரும்பிப் போக நடக்க வேண்டும், ஆட்டோ பிடிக்க வேண்டும். அந்தச் சிரமமே அவளைக் கொஞ்சம் தடுத்து வைத்திருந்திருக்கிறது. அதை நாங்கள் எடுத்துவிட்டோம்.

ஒரு மதியம் குழம்பு இறக்கியாயிற்று. நான் முன்னறையில் இருந்தேன். மனைவி அடுப்பை அடைத்தாள், தொட்டாள், ரெகுலேட்டரைத் தொட்டாள், அடுக்களையை விட்டு வந்தாள், போனாள். இப்படியே நடந்துகொண்டிருந்தது. திடீரென்று அடுக்களைக்குள் மகளின் குரல் கேட்டது.

"அம்மா, அடச்சாச்சும்மா. எத்தன வட்டம்தான் தொட்டுப் பாப்பிய?"

நான் எழுந்து போனபோது மனைவி சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு நின்றாள். வெளியாள் யாரோ நுழைந்துவிட்டதைப் போல. கேமராவில் பேசுகிற வசதி இருப்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் சொல்லியிருந்தோம். ஆனால் அந்தப் படம் மகளின் கைபேசியிலும் வருகிறது என்பது தெரிந்திருந்தும் நாங்கள் இருவரும் அதற்கு மேல் யோசித்துப் பார்த்ததில்லை. கேமரா அடுப்பைப் பார்க்கிறது என்றுதான் நினைத்திருந்தோம். அடுப்பின் முன்னால் நிற்பது யார் என்பதும் அதில் விழும்.

"நீ டூட்டிக்குப் போகல்லியா மக்ளே?" என்றாள் மனைவி, அந்த வெள்ளை உருண்டையைப் பார்த்து. மகள் அதற்குள் மூடிவிட்டிருந்தாள்.

மாலையில் என்னைக் கூப்பிட்டாள். "அப்பா, இது எப்பம் இருந்து?"

"நீ பள்ளிக்கூடத்துல படிக்கும்பமே உண்டு."

"எனக்கு ஏன் சொல்லல்ல?"

"சொல்லுகதுக்கு என்ன இருக்கு, அடுப்பு அடைக்கதுதானேன்னு இருந்திட்டேன்."

பிறகு நர்ஸின் குரலில், மெதுவாக, அடுக்கி வைத்துப் பேசினாள். இங்கே சின்ன வீடு. மூத்தவன் ஓரிடத்தில் நிற்க மாட்டான். பச்சைக் குழந்தையும் இருக்கும். அம்மா அடுப்பின் முன்னால் இப்படி நின்றால் பிள்ளைகளை யார் பார்ப்பது? "அம்மா வரண்டாம்ப்பா. மாமி வரட்டும். நான் சொன்னேன்னு சொல்லாதிய. விசா சரியாகல்லன்னு சொல்லுங்க." மாமி என்றால் அவளுடைய மாமியார்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகள் என்ன சொன்னாள் என்று கேட்டாள். விசா என்று சொல்ல வாய் வரவில்லை. உள்ளதைச் சொன்னேன். மாமியார் வரப் போவதையும் சொன்னேன். அவள் மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள்.

"அவ சொன்னது நேருதான். அவளுக்க பிள்ளையள என்கிட்ட விடுகதுக்கு எனக்கே பயமாத்தான் இருக்கு" என்றாள். பிறகு, பல வருடமாக நான் சொல்லியும் கேட்காத ஒன்றை அவளே கேட்டாள். "என்னைய ஒரு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க. டிக்கெட்ட இப்பம் கேன்சல் பண்ணண்டாம்."

நாகர்கோவிலில் ஒரு மனநல மருத்துவரிடம் போனோம். என் மகள் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. மாத்திரை எழுதினார். பிறகு ஒரு பயிற்சி சொன்னார். அடுப்பை ஒரு தரம் அடைத்துவிட்டு வெளியே போக வேண்டும். கைபேசியில் பார்க்கக் கூடாது. பயம் வரும், உச்சிக்குப் போகும், ஒன்றும் செய்யாமல் இருந்தால் தானாக இறங்கும். அது இறங்குவதை அவள் தன் உடம்பில் பார்க்க வேண்டும். என்னிடம் திரும்பி, "அவங்க அடைச்சாச்சான்னு கேட்டா நீங்க பதில் சொல்லக் கூடாது" என்றார்.

"ஆமான்னு சொல்லலாமா?"

"அதுவும் பதில்தானே சார்."

செய்தியை உறுதி செய்து சொல்வதே தொழிலாக இருந்தவனுக்கு, தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கச் சொன்னார்கள். மனைவியின் கைபேசியிலிருந்து கேமரா செயலியை எடுத்துவிட்டோம். கேமராவையே கழற்றிவிடலாம் என்றேன். மகள் விடவில்லை. "அது அங்க இருக்கட்டும்ப்பா. அம்மாவுக்கு எப்படி இருக்குன்னு நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். நர்ஸ்தானே, பார்க்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

பயிற்சிக்கு இரணியல் ரயில் நிலையத்தைத் தேர்ந்தெடுத்தோம். நடக்கிற தூரம்தான், கூட்டம் இருக்காது. வீட்டைப் பூட்டிவிட்டுப் போய் பெஞ்சில் உட்காருவோம்.

முதல் நாள் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கேட்டாள். "அடச்சாச்சுல்லா?"

நான் தண்டவாளத்தைப் பார்த்தேன்.

"உங்களத்தான் கேக்கேன். அடச்சாச்சா?"

தண்டவாளத்தையே பார்த்தேன்.

"ஒரு வாக்கு சொன்னா வாய் தேஞ்சிருமா?"

"டாக்டரு சொன்னாவல்லா."

"டாக்டருக்கு என்ன. அவ வீட்டுல கறண்டு அடுப்பா இருக்கும்."

தெரிந்தவர் ஒருவர் வந்தார், திருவனந்தபுரம் போகிறவர். எங்கே யாத்திரை என்று கேட்டார். எங்கேயும் இல்லை, சும்மா இருக்கிறோம் என்றேன். "சும்மா இருக்கதுக்கு இங்கண வந்தியளா? கையில பிளாட்பாரம் டிக்கெட்டு உண்டா? சும்மா இருக்கதுக்கும் காசு வாங்குவான் ரெயில்வேக்காரன்" என்றார். மனைவி சிரித்தாள். சிரித்தபடியே அவள் கை பெஞ்சின் இரும்பை இறுகப் பிடித்திருந்தது. அவருடைய வண்டி வந்து போயிற்று. அதற்கும் பிறகு வெகு நேரம் கழித்து அந்தக் கை தளர்ந்தது. நான் அதைப் பார்த்தேன் என்று சொல்லவில்லை. சொன்னால் அதுவும் ஒரு பதிலாகிவிடுமோ என்று இருந்தது.

சில நாள் முடிந்தது. சில நாள் முடியவில்லை. ஒரு முறை ரயில் நிலையத்திலிருந்து என்னைத் திட்டிக்கொண்டே ஓடினாள். அவள் பேசும் திட்டெல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அன்று புதிதாகச் சில கேட்டேன். மறுநாள் அவளே, "வாருங்க, போவோம்" என்று செருப்பு மாட்டினாள். மகளிடம் போக வேண்டும் என்று அவள் சொல்வதே இல்லை. பஹ்ரைன் போகிற பெட்டி மட்டும் திறந்தபடி கட்டிலின்மேல் கிடந்தது. அதில் ஒரு நாள் பிள்ளைச் சட்டை கூடும், ஒரு நாள் நல்லமிளகுப் பொட்டலம்.

இதற்கிடையில் நான் ஒன்றைக் கவனித்தேன். கேமராவின் அடியில் ஒரு பொட்டு வெளிச்சம் உண்டு. யாராவது பார்க்கும்போது அது நீலமாகும். காலையில் பால் காய்ச்சப் போனால் நீலமாக இருந்தது. மதியம் தண்ணீர் எடுக்கப் போனபோதும் நீலம். அந்த நேரம் மகள் டூட்டியில் இருக்க வேண்டும். வெளிச்சம் அணையும். நான் டம்ளரைக் கழுவி வைப்பதற்குள் மறுபடி நீலமாகும்.

மனைவியிடம் சொல்வதா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொன்னபோது, "நீங்க இப்பம்தான் பாத்தியளா?" என்றாள். "எனக்கு அண்ணைக்கே தெரியும். பேப்பருல இருந்தவருக்கு இவ்வளவு நாளாச்சு."

அன்று மாலை அவளே மகளைக் கூப்பிட்டாள். கைபேசியை மேசைமேல் வைத்துச் சத்தமாகப் பேச வைத்தாள். நானும் கேட்க வேண்டும் என்று இருந்திருக்கும்.

"மக்ளே, அடுக்களையப் பாக்கியா?"

"பாப்பேன்மா. சும்மா, உங்களுக்கு எப்படி இருக்குன்னு."

"கடசியா எப்பம் பாத்த?"

"இப்பம் கொஞ்சம் முன்ன."

"அதுக்கு முன்ன?"

பின்னணியில் பேரன் ஏதோ வண்டியைத் தரையில் உருட்டும் சத்தம் கேட்டது.

"அம்மா நிக்காளா, தீ கிடக்கா, அடச்சாச்சான்னு பாப்ப. அடச்சாச்சு. மூடிருவ. மூடினதும் செரியாப் பாத்தனான்னு தோணும். அப்படித்தானே?"

"அம்மா, நீங்க நிக்கதப் பாத்த பிறவு எனக்கு ஒரு சமாதானமும் இல்ல. பேஷண்டுக்கு ஊசி போடுகதுக்கு எடையிலயும் பாக்கேன்." மகள் அழத் தொடங்கினாள். "அப்பா டீ போடும்பம் கூடப் பாக்கேன்."

மனைவி அழவில்லை. எங்கள் மருத்துவர் கேட்ட கேள்விகளை, அதைவிட நுணுக்கமாக, ஒவ்வொன்றாகக் கேட்டாள். பார்க்காமல் இருந்து பார்த்தாயா? எங்கே பிடிக்கும், நெஞ்சிலா வயிற்றிலா? ஊசி போட்ட பிறகு மருந்தின் பெயரைத் திரும்பப் பார்க்கிறாயா? கடைசிக் கேள்விக்கு மகள், "இல்ல, அது இன்னும் வரல்ல" என்றாள். அந்த 'இன்னும்' கேட்டதும் மனைவி என்னை ஏறிட்டுப் பார்த்தாள். நாற்பது வருட வாழ்க்கையில் அவள் முகத்தில் அவ்வளவு பயத்தை நான் பார்த்ததில்லை. அடுப்பின் முன்னால்கூட.

"கேளு மக்ளே. நான் இப்பம் இந்த எளவப் புடுங்கப் போறேன். உனக்கு வெப்ராளம் வரும். வரட்டும். கூப்பிடணும்னு தோணும். கூப்பிடாத. கூப்பிட்டாலும் நாங்க எடுக்க மாட்டோம். அது தானா எறங்கும். எனக்கு எறங்குது, பாத்துக்க. எல்லா நாளும் இல்ல. ஆனா எறங்குது."

"அம்மா, வேண்டாம்மா."

"நீ என்னைய வரண்டாம்னு சொன்னல்லா, அது செரிதான். மாமி வரட்டும், பிள்ளையளப் பாக்கட்டும். நானும் வாறேன். எனக்க பிள்ளைய நான் பாக்கணும்."

அழைப்பைத் துண்டித்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். நீலப் பொட்டு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி ஒரு கணம் நின்றாள். பிறகு வயரைப் பிடுங்கினாள்.

மேசையில் கைபேசி அடித்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மகள் பெயர் திரையில் வந்து வந்து போயிற்று. வயிற்றில் குழந்தையோடு இருக்கிறவள். என் கை இரண்டு முறை நீண்டது. மனைவி அதைப் பிடித்து மேசையில் அழுத்தி வைத்துக்கொண்டாள். "உங்களுக்கும் எறங்கும்" என்றாள். அழைப்பு நின்ற பிறகும் அவள் என் கையை விடவில்லை. மறுநாள் மகளிடமிருந்து ஒரு வரி வந்தது. அம்மாவுடைய டிக்கெட் அப்படியே இருக்கட்டும் என்று.

போகும் நாளில் அடுப்பை அவள் ஒரு முறை அடைத்தாள். நான் பின்னால் நின்றேன். கதவுவரை வந்தாள், நின்றாள், என் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டினாள். கார் தக்கலை தாண்டி, மார்த்தாண்டம் பாலம் ஏறி இறங்கும்வரை கேட்கவில்லை. களியக்காவிளையில் கேட்டாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவள் இன்னொரு முறை கேட்டாள்.

டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "என்ன சார், அம்மா ரெண்டு வட்டம் கேட்டாச்சு. பதில் சொல்லப்பிடாதா? அம்மா, அதெல்லாம் அடச்சிருப்பிய. இல்லேன்னாலும் சாரு திரும்பிப் போயிப் பாத்துக்கிடுவாரு."

"நீரு வண்டியப் பாத்து ஓட்டும்" என்றாள் மனைவி. ஆனால் அந்தப் பதிலை அவள் எடுத்துக்கொண்டுவிட்டாள் என்பது தெரிந்தது. அடுத்த ஊரான பாறசாலைவரை நிம்மதியாக வந்தாள். அதற்குப் பிறகு அது போதவில்லை.

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் வழியனுப்ப வருகிறவர்கள் ஒரு கம்பித் தடுப்புக்கு அப்பால் போக முடியாது. கையில் சீட்டும் பாஸ்போர்ட்டும் வைத்துக்கொண்டு அவள் வரிசையில் நின்றாள். காவலர் இரண்டையும் வாங்கிப் பார்த்தார். அவள் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போகச் சொன்னார். இரண்டடி போனவள் திரும்பித் தடுப்பின் பக்கம் வந்தாள். அடைத்தாயிற்றா என்றுதான் கேட்கப் போகிறாள் என்று நினைத்து நான் வாயை இறுக்கிக்கொண்டேன்.

"அவ வீட்டுல கேஸ் அடுப்பா, கறண்டு அடுப்பா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியும். மகள் அந்த வீட்டுக்குக் குடிபோனபோது அனுப்பிய படங்களில் அந்த அடுக்களையும் இருந்தது. மனைவியும் அதைப் பார்த்திருக்கிறாள், தெரிந்ததைத்தான் கேட்கிறாள். நான் பதில் சொல்லவில்லை. பின்னால் இருந்தவர்களின் தள்ளுவண்டி அவள் காலில் முட்டியது. அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.